வைகைக் கரையும் பாறைக் குன்றுகளும்: மதுரையைச் சுற்றி நடக்க விரும்புவோர் கேட்கும் கேள்விகள்

மதுரைக்கு வெளியே உள்ள கிராமங்கள், குன்றுகள், கண்மாய்க் கரைகள் ஆகியவற்றில் நடந்து பார்க்க ஆசைப்படுகிறவர்கள் தொலைபேசியிலும் நேரிலும் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். வெளியூர்க்காரர்கள் மட்டுமல்ல, மதுரையிலேயே பிறந்து வளர்ந்தவர்களும் இவற்றையே கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளைத் தொகுத்து, எனக்குத் தெரிந்த பதில்களை எழுதியிருக்கிறேன்.

மதுரையில் கோயிலைத் தவிர நடந்து பார்க்க என்ன இருக்கிறது?

ஓர் ஆற்றுச் சமவெளி முழுவதும் இருக்கிறது. வருசநாட்டு மலையில் பிறக்கும் வைகை சுமார் 258 கிலோமீட்டர் ஓடிக் கிழக்கே கடலை நோக்கிப் போகிறது. மதுரை அதன் நடுவழியில் இருக்கிறது. ஆற்றுக்கு வடக்கிலும் தெற்கிலும் சமதரையிலிருந்து திடீரென எழும் மொட்டைப் பாறைக் குன்றுகள் நிற்கின்றன: யானைமலை, நாகமலை, சமணர்மலை, திருப்பரங்குன்றம், அரிட்டாபட்டிக் குன்றுகள். ஒவ்வொரு குன்றின் அடியிலும் ஒரு கண்மாயும், கண்மாய்க்குக் கீழே வயலும், அதையொட்டி ஊரும் இருக்கும்.

இந்த வரிசையை மனத்தில் வைத்துக்கொண்டு நடந்தால் போதும். பாறையில் விழும் மழை சுனையில் தங்கி, வரத்துக்கால் வழியாகக் கண்மாய்க்கு வந்து, மடை வழியே வயலுக்குப் போய், மிஞ்சியது கலுங்கு என்னும் உபரிநீர்ப் போக்கி வழியே அடுத்த கண்மாய்க்கு மறுகால் பாய்கிறது. தண்ணீர் போகும் வழியில் நாமும் போனால் குகை, கோயில், ஊர் மூன்றும் ஏன் அந்தந்த இடத்தில் இருக்கின்றன என்பது யாரும் சொல்லாமலே விளங்கிவிடும்.

நடந்து பழக்கமே இல்லை. எங்கே தொடங்கலாம்?

கீழக்குயில்குடி. யார் கேட்டாலும் முதலில் இந்த ஊரைத்தான் சொல்வேன். நகருக்கு மேற்கே, தேனி சாலையில் நாகமலை புதுக்கோட்டை வரை பஸ்ஸில் போய், அங்கிருந்து ஆட்டோவிலோ நடந்தோ போகலாம். சமணர்மலையின் அடிவாரத்தில் அய்யனார் கோயில், கருப்பசாமி சன்னிதி, தாமரைக் குளம், விழுது இறங்கிய ஆலமரங்கள் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கின்றன. வயதானவர்கள் அங்கேயே உட்கார்ந்துகொள்ளலாம். மற்றவர்கள் பாறையில் வெட்டியிருக்கும் படிகளில் ஏறலாம்.

பாதி வழியில் பேச்சிப்பள்ளம் வரும். சுனையை ஒட்டிய பாறை முகப்பில் சமணர் வணங்கும் அருகர்களான தீர்த்தங்கரர்களின் சிற்பங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றின் கீழே வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்து வடிவில், யார் யார் செய்வித்தார்கள் என்று எழுதியிருக்கிறது. அதற்கும் மேலே மாதேவிப் பெரும்பள்ளி என்ற சமணப் பள்ளியின் அடித்தளம் மட்டும் எஞ்சியிருக்கிறது. பராந்தக வீரநாராயண பாண்டியன் தன் அரசி வானவன் மாதேவியின் பெயரில் எடுப்பித்தது இது. மலையின் தென்மேற்குப் பக்கத்தில் செட்டிப்புடவு என்ற குகை தனியாக இருக்கிறது. அங்கே பெரிய மகாவீரர் சிற்பம் ஒன்று உண்டு. இரண்டு இடங்களையும் ஒரே காலையில் நிதானமாகப் பார்த்துவிடலாம்.

எந்த மாதம் வந்தால் நன்றாக இருக்கும்?

வடகிழக்குப் பருவமழை ஓயும் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை. கண்மாய்கள் நிறைந்திருக்கும், வயலில் பச்சை இருக்கும், பாறை சுடாது. பொங்கலை ஒட்டி அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர்ப் பக்கம் ஜல்லிக்கட்டுக் கூட்டம் நெரியும். நடைக்காக வருகிறவர்கள் அந்த நாட்களில் அந்தப் பக்கத்தைத் தவிர்க்கலாம். ஏப்ரல், மே மாதங்களில் காலை ஒன்பது மணிக்கே மொட்டைப் பாறை அனலாகிவிடும். அப்போது வந்தே ஆகவேண்டும் என்றால் விடியலில் தொடங்கி எட்டரைக்குள் இறங்கிவிடுங்கள். சாலையோரத்தில் நுங்கு கிடைக்கும்.

வைகையில் தண்ணீரே இல்லையே, ஆற்றங்கரையில் நடந்து என்ன பயன்?

இந்தக் கேள்வியை வருத்தத்தோடு கேட்கிறவர்களே அதிகம். மதுரை நகரின் பாலத்திலிருந்து பார்த்துவிட்டு ஆறே செத்துவிட்டது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. வைகைத் தண்ணீரின் பெரும்பகுதி ஆற்றிலேயே மதுரைக்கு வருவதில்லை. 1895இல் முல்லைப் பெரியாறு அணை திறக்கப்பட்டபோது, மேற்கே கேரளப் பக்கம் ஓடிய தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கிழக்கே திருப்பப்பட்டு வைகையோடு சேர்ந்தது. 1959 முதல் ஆண்டிப்பட்டிக்கு அருகே உள்ள வைகை அணை அதைத் தேக்கி விடுகிறது. அணைக்குக் கீழே பேரணையில் அது பெரியாறு பிரதானக் கால்வாய்க்குத் திருப்பப்பட்டு, வாடிப்பட்டி, அலங்காநல்லூர் வழியாக மேலூர் வரை போகிறது.

ஆகவே ஆற்றில் மணல் தெரியும் நாளிலும் பக்கத்து வாய்க்கால் கரைபுரண்டு ஓடலாம். நடப்பதற்கு வாய்க்கால் கரையே உகந்தது. நிழல் இருக்கும், தடம் தெளிவாக இருக்கும், குளிக்கும் சத்தமும் துவைக்கும் சத்தமும் கூடவே வரும்.

சோழவந்தான் பக்கம் போனால் எந்த வழியாக நடப்பது?

மதுரையிலிருந்து திண்டுக்கல் போகும் பாதையில் சோழவந்தான் ரயில் நிலையம் இருக்கிறது. பயணிகள் ரயிலில் காலையில் போய் இறங்குங்கள். ஊருக்குள் நடந்து, ஆற்றைக் கடந்து தென்கரைக்குப் போய் மூலநாதர் கோயிலைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, கீழ்த்திசையில் திருவேடகம் வரை நடக்கலாம். சோழவந்தானிலிருந்து திருவேடகம் மட்டும் நிதானமாக ஒன்றரை மணி நேரம். அங்கிருந்து மதுரைக்கு பஸ் கிடைக்கும்.

இந்த வழியின் அழகு தென்னந்தோப்பும் கொடிக்காலும். அகத்தி மரங்களின் மேல் வெற்றிலைக் கொடி ஏறி, உள்ளே வெயில் நூலாக மட்டும் இறங்கும். சோழவந்தான் வெற்றிலைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கொடிக்காலுக்குள் கேட்காமல் நுழையாதீர்கள். செருப்பைக் கழற்றச் சொன்னால் மறுபேச்சின்றிக் கழற்றிவிடுங்கள். கொடிக்கால் வைத்திருப்பவர்கள் அதை வீட்டைப் போலவே காப்பவர்கள். நேரமிருந்தால் மேற்கே குருவித்துறைக்கும் போகலாம். வைகைக் கரையிலேயே சித்திர ரத வல்லபப் பெருமாள் கோயில் இருக்கிறது. வியாழக்கிழமை கூட்டம் அதிகம்.

திருவேடகத்தில் ஏடகநாதர் கோயிலைத் தவறவிடாதீர்கள். சமணர்களுடனான புனல்வாதத்தில், அதாவது ஏட்டை ஆற்றில் விட்டு யார் சமயம் பெரிது என்று பார்த்த போட்டியில், ஞானசம்பந்தர் வைகையில் இட்ட ஏடு வெள்ளத்தை எதிர்த்து மேலேறி இங்கே கரை ஒதுங்கியதாகத் தலபுராணம். அதைக் கேட்டுவிட்டு ஆற்றைப் பார்க்கும்போது, மதுரையிலிருந்து இங்குவரை எதிர்நீச்சல் என்றால் எவ்வளவு தூரம் என்பது காலுக்கே தெரியும்.

யானைமலை ஒரு பழைய எரிமலை என்கிறார்களே, உண்மையா?

இல்லை. இதை அழுத்தியே சொல்லவேண்டியிருக்கிறது, ஏனெனில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் சிலர் இப்படிச் சொல்லித்தருகிறார்கள். எரிமலைப் பாறை என்பது தீக்குழம்பு வெளியே வழிந்து சட்டென ஆறி உறைந்தது. மராட்டியத்துத் தக்காணப் பீடபூமியில் ஏறக்குறைய 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் அப்படி நடந்தது. மதுரையைச் சுற்றியுள்ள பாறைகள் அவற்றைவிட மிகப் பழையவை. ஏறக்குறைய 55 கோடி ஆண்டுகளுக்கு முன், பூமிக்குள் இருபது கிலோமீட்டருக்கும் கீழே, கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் வெந்து உருமாறியவை. மேலே இருந்த நிலம் காலம் காலமாக அரிக்கப்பட்டுக் கரைந்தபின் இவை வெளியே தெரிகின்றன. பாறையில் கறுப்பும் வெள்ளையும் இளஞ்சிவப்புமாக வரி ஓடுவதைக் கவனித்துப் பாருங்கள். அந்த வேக்காட்டில் கனிமங்கள் பிரிந்து படிந்த தடம் அது.

பிறகு ஏன் உருண்டையாக, பிளவில்லாமல் இருக்கிறது என்று உடனே கேட்பார்கள். மேலிருந்த பாரம் நீங்கியதும் பாறை லேசாக விரிகிறது. விரியும்போது மேற்பரப்புக்கு இணையாக வெங்காயச் சருகுபோல ஏடு ஏடாக உரிகிறது. முனைகள் உதிர்ந்து வளைவு மட்டும் நிற்கிறது. யானை படுத்திருப்பது போன்ற அந்த உருவம் இப்படித்தான் வந்தது. உரிந்த ஏடுகளுக்கு அடியில் உண்டான வெற்றிடங்களே குகைத்தளங்கள். அவற்றில்தான் துறவிகள் தங்கினார்கள்.

அப்படியானால் திருமங்கலம் பக்கத்துக் கரிசல் மண்? அது எரிமலை மண்தானே?

மராட்டியத்தில் கரிசல் எரிமலைப் பாறையிலிருந்து வந்தது. நம் பக்கத்தில் மேலே சொன்ன உருமாறிய பாறைகளே மழை குறைந்த நிலத்தில் மட்கிக் கரிசலாகியிருக்கின்றன. நிறம் ஒன்று, பிறப்பு வேறு. மழை பெய்த மறுநாள் கரிசல் காட்டில் நடக்காதீர்கள். செருப்பு திரும்பி வராது.

மலையில் இருக்கும் கற்படுக்கைகள் பஞ்சபாண்டவர் படுத்தவையா?

ஊர்க்காரர்கள் பஞ்சவர் படுக்கை, பஞ்சபாண்டவர் மலை என்றுதான் சொல்வார்கள். அவர்களோடு வாதிட வேண்டாம். ஆனால் கல்வெட்டுகள் சொல்வது வேறு. கி.மு. இரண்டாம் நூற்றாண்டை ஒட்டிய காலத்தில் சமணத் துறவிகளுக்காக வணிகர்களும் ஊர்த்தலைவர்களும் அரச அலுவலர்களும் வெட்டிக்கொடுத்த படுக்கைகள் இவை. தலைப்பக்கம் சற்று உயர்த்தி, தலையணை போலச் செதுக்கியிருப்பார்கள். கொங்கர் புளியங்குளத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்ட படுக்கைகளைப் பார்க்கலாம். முத்துப்பட்டி, விக்கிரமங்கலம், வரிச்சியூர், கீழவளவு ஆகிய ஊர்களிலும் உண்டு.

குகை வாயிலின் நெற்றியில் நீளமாக ஒரு காடி வெட்டியிருப்பதைக் கட்டாயம் பாருங்கள். பாறையில் வழியும் மழைநீர் உள்ளே வராமல் அந்த விளிம்பில் தடுக்கப்பட்டு வெளியே சொட்டும். இரண்டாயிரம் ஆண்டுகள் கழித்தும் அது வேலை செய்கிறது. மழை நாளில் அந்த இடத்தில் நின்று பார்த்தவர்கள் அந்தச் சிற்பியை மறக்கமாட்டார்கள்.

அந்தக் கல்வெட்டுகளை என்னால் படிக்க முடியுமா?

முயன்றால் முடியும். அவை தமிழ் பிராமி என்றும் சொல்லப்படும் தமிழி எழுத்தில் உள்ளவை. மொழி தமிழ், எழுத்து வடிவம்தான் வேறு. எழுத்து அட்டவணை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மாலை உட்கார்ந்தால் எழுத்துகளைக் கூட்டிவிடலாம். ழ, ள, ற, ன ஆகிய நம் எழுத்துகளுக்கென்று தனி வடிவங்கள் இருப்பதைக் காணும்போது வரும் மகிழ்ச்சிக்காகவே கற்கலாம்.

மாங்குளம் மலைக் கல்வெட்டு ஒன்றில் நெடுஞ்செழியனின் பணியாள் கடலன் வழுதி, கணி நந்தன் என்ற துறவிக்காகப் பள்ளி அமைத்த செய்தி இருக்கிறது. அதே மலையில் வெள்ளறை நிகமத்தோர், அதாவது ஒரு வணிகக் குழுவினர், கொடுத்த கொடையும் பதிவாகியிருக்கிறது. காலை எட்டு மணிக்குள்ளோ மாலை நான்கு மணிக்கு மேலோ, சாய்ந்த வெயிலில்தான் எழுத்துகள் தெரியும். சுண்ணாம்பு பூசியோ சாக்பீஸ் தேய்த்தோ படிக்க முயலவே கூடாது. கல்லின் மேற்பரப்பு அதனால் கெடும். பாதுகாக்கப்பட்ட சின்னங்களில் கிறுக்குவது சட்டப்படி தண்டனைக்குரிய குற்றமும்கூட.

அரிட்டாபட்டியில் சுரங்கம் வரப்போகிறது என்றார்களே. இப்போது போகலாமா?

தாராளமாகப் போகலாம். நவம்பர் 2022இல் அரிட்டாபட்டியும் அருகிலுள்ள மீனாட்சிபுரமும் சேர்ந்த 193 ஹெக்டேர் நிலம் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. இரண்டே ஆண்டுகளில், இந்தப் பகுதியையும் உள்ளடக்கிய நிலத்தில் டங்ஸ்டன் என்ற உலோகத்தை எடுக்க ஏல உரிமை கொடுக்கப்பட்டது தெரியவந்தது. ஊர் ஊராக மக்கள் திரண்டார்கள். டிசம்பர் 2024இல் சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது. ஜனவரி 2025இல் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. மேலூர் வட்டாரத்து விவசாயிகள் வீட்டை விட்டு வீதிக்கு வந்து காத்த நிலம் அது. அங்கே நடக்கும்போது அந்த நினைவோடு நடக்க வேண்டும்.

என்ன பார்க்கலாம் என்றால், மதுரைச் சுற்றுவட்டாரத்தில் இதற்கு ஈடான இடத்தை நான் கண்டதில்லை. ஏழு குன்றுகள், ஏராளமான நீர்ச்சுனைகள், ஆனைகொண்டான் கண்மாய். பாண்டியர் காலத்துக் குடைவரைச் சிவன் கோயிலில், தமிழ்நாட்டில் அரிதாகக் காணப்படும், சிவனின் வடிவமாகக் கருதப்படும் இலகுலீசரின் சிற்பம் இருக்கிறது. இன்னொரு பக்கம் கழிஞ்சமலையில் தமிழிக் கல்வெட்டும், பிற்காலத்து மகாவீரர் சிற்பமும் வட்டெழுத்தும். பாறை விளிம்புகளில் லகர் வல்லூறு போன்ற வேட்டைப் பறவைகள் தங்குகின்றன. இருநோக்கியோடு கண்மாய்க் கரையில் அமைதியாக உட்காருங்கள். கூட்டுக்கு அருகே போகவோ, படமெடுத்து இடத்தைக் குறித்துப் பரப்பவோ வேண்டாம். ஊர் இளைஞர் ஒருவரை வழிகாட்டியாக அழைத்துக்கொண்டு, கூலியை முன்கூட்டியே பேசி முழுமையாகக் கொடுத்துவிடுங்கள்.

எண்ணாயிரம் சமணரைக் கழுவில் ஏற்றினார்கள் என்கிறார்களே. பிறகு எப்படி இவ்வளவு சமணச் சிற்பங்கள்?

நல்ல கேள்வி. திருவேடகத்துப் புனல்வாதக் கதையின் தொடர்ச்சியாகவே இந்தக் கழுவேற்றமும் சொல்லப்படுகிறது. சம்பந்தர் ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்தவர். கீழக்குயில்குடியிலும் அரிட்டாபட்டியிலும் நீங்கள் பார்க்கும் தீர்த்தங்கரர் சிற்பங்களோ ஒன்பதாம், பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. அச்சணந்தி என்ற துறவியின் பெயர் இந்தக் குன்றுகள் பலவற்றில் திரும்பத் திரும்ப வருகிறது. மாதேவிப் பெரும்பள்ளியை எடுப்பித்தவனும் பாண்டிய அரசன்தான்.

ஆக, சம்பந்தருக்கு இருநூறு ஆண்டுகள் கழித்தும் இங்கே சமணம் அரச ஆதரவோடு இருந்திருக்கிறது என்பதற்குக் கல்லே சாட்சி. ஒரேயடியாக அழிக்கப்பட்டது என்ற கதையை இந்தச் சான்றுகள் ஏற்கவில்லை. சமயங்களுக்குள் கடும் பூசல் இருந்தது என்பதையும் அவை மறுக்கவில்லை.

யானைமலை உச்சிக்கு ஏறலாமா?

வேண்டாம். மேலே சொன்ன உரியும் பாறையில் பிடிமானம் கிடையாது. ஈரமோ வெயிலோ எதுவாக இருந்தாலும் வழுக்கும். அடிவாரத்தில் நடப்பதே நிறைவாக இருக்கும். ஒத்தக்கடையில் இறங்கி நரசிங்கத்துக்குப் போங்கள். நரசிங்கப் பெருமாள் குடைவரையைப் பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனின் அமைச்சன் மாறன் காரி கி.பி. 770இல் குடைவித்தான். அவன் இறந்துவிட, தம்பி மாறன் எயினன் பணியை முடித்ததாகக் கல்வெட்டு சொல்கிறது. பக்கத்தில் முருகனுக்கு உரிய லாடன் கோயில். இரண்டையும் பார்த்துவிட்டு மலையை வலப்பக்கமோ இடப்பக்கமோ வைத்து நடந்தால், அது ஒவ்வொரு திருப்பத்திலும் வேறு உருவம் காட்டும்.

பெண்கள் தனியாக நடக்கலாமா?

ஊர் வழி, வாய்க்கால் கரை, கோயில் சுற்று இவற்றில் பகலில் நடக்கலாம். களையெடுக்கும் அக்காமார்களும் ஆடு மேய்க்கும் ஆத்தாக்களும் எங்கும் இருப்பார்கள். "எந்த ஊரும்மா, யாரைப் பார்க்க வந்தே?" என்று கேட்பார்கள். விசாரணை என்று எண்ணாமல் பதில் சொல்லுங்கள். ஊரே உங்களைக் கவனித்துக்கொள்ளும். குகைத்தளங்களுக்கு மட்டும் தனியாகப் போக வேண்டாம். ஆளரவமற்ற சில இடங்களில் குடிக்க வருகிறவர்கள் இருப்பார்கள். இந்த எச்சரிக்கை ஆண்களுக்கும் பொருந்தும்.

பாம்பு, நாய் பயம் உண்டா?

உண்டு. கணுக்கால் மூடும் காலணி அணியுங்கள், கல்லிடுக்கில் கை வைக்காதீர்கள், இருட்டுக்கு முன் சாலைக்கு வந்துவிடுங்கள். நாய் குரைத்தால் ஓடாமல் நின்று, வீட்டுக்காரரைக் கூப்பிடுங்கள்.

சுனையில் குடிக்கலாமா? பாறைக்குழியில் நீலமாகத் தண்ணீர் தெரிகிறதே, குளிக்கலாமா?

குடிநீரைக் கையோடு கொண்டுபோங்கள். ஆளுக்கு இரண்டு லிட்டராவது வேண்டும். சுனை பறவைக்கும் ஆட்டுக்கும் உரியது. சில சுனைகளை ஊரார் தெய்வமாக வணங்குகிறார்கள். கால் நனைக்கும் முன் கேளுங்கள்.

மேலூர், கீழவளவுப் பக்கம் தெரியும் நீலக் குழிகள் சுனைகள் அல்ல. கிரானைட் வெட்டி எடுத்துவிட்டுக் கைவிட்ட குவாரிகள். சுவர் செங்குத்து, ஆழம் தெரியாது, ஏறிவர விளிம்பும் இருக்காது. இறங்கவே கூடாது. வைகையிலும் மணல் அள்ளிய பள்ளங்கள் இருக்கின்றன. மழைக்காலத்தில் வைகை அணை நிலவரத்தைச் செய்தியில் பார்த்துவிட்டு வாருங்கள். 71 அடி அணையில் நீர்மட்டம் 66 அடியைத் தொட்டதும் முதல் வெள்ள எச்சரிக்கை, 69இல் மூன்றாவது. அந்த நாட்களில் ஆற்றுக்குள் நடக்க வேண்டாம்.

கருப்பசாமி, அய்யனார் கோயில்களில் என்ன முறை?

எல்லையில் செருப்பைக் கழற்றுங்கள். படம் எடுக்கும் முன் பூசாரியிடம் கேளுங்கள். மண்குதிரைகளின் மேல் ஏறவோ சாயவோ கூடாது. புரவி எடுப்பு என்ற மண்குதிரை ஊர்வல விழாவில் ஊர் கூடி நேர்ந்து வைத்தவை அவை. இடையபட்டி வெள்ளிமலைக் கோயில்காட்டைப் போன்ற இடங்களில் காடு முழுவதுமே சன்னிதிதான். வெறுங்காலோடு போகவேண்டும், சுள்ளிகூட ஒடிக்கக் கூடாது. உசிலை மரங்கள் இத்தனை அடர்ந்து நிற்பதற்கு அந்தக் கட்டுப்பாடே காரணம். சில கோயில்களில் பெண்கள் வருவது பற்றி ஊர்க்கட்டுப்பாடு இருக்கும். முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

கீழடியையும் நடையில் சேர்க்கலாமா?

சேர்க்கலாம், ஆனால் தனி நாளாக. நகருக்குத் தென்கிழக்கே சுமார் 12 கிலோமீட்டர். 2014-15இல் தொடங்கிய அகழாய்வில் வைகைக் கரையில் ஒரு பழைய குடியிருப்பு வெளிப்பட்டது. கரிமக் காலக்கணிப்பில் கி.மு. ஆறாம் நூற்றாண்டு வரை போகிறது. 2023இல் திறந்த அருங்காட்சியகத்தில் பானை ஓடுகளில் கீறிய தமிழி எழுத்துகளைப் பாருங்கள். குகைக் கல்வெட்டுகளைப் பார்த்துவிட்டு வந்தால், அதே எழுத்தைச் சாதாரண மக்கள் தங்கள் பானையில் பெயரெழுதப் பயன்படுத்தியது புரியும். வரிசையில் முதலில் குன்று, பிறகு கீழடி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒத்தக்கடையிலிருந்து திருவாதவூர் வரை ஒரே நாளில் நடக்க முடியுமா?

பழகிய கால்களுக்கு முடியும். காலையில் நரசிங்கம், பிறகு திருமோகூர் காளமேகப் பெருமாள் கோயில், அங்கிருந்து கிராமச் சாலைகளில் திருவாதவூர். மாணிக்கவாசகர் பிறந்த ஊர். கபிலரின் ஊரும் இதுதான் என்பது மரபு. கோயில்கள் நண்பகலில் நடை சாத்திவிடும். ஆகவே திருமோகூரைப் பதினொரு மணிக்குள் முடித்து, வெயில் நேரத்தை ஏதாவதொரு கண்மாய்க் கரை ஆலமரத்தடியில் கழித்து, மாலை நடை திறக்கும் நேரத்துக்குத் திருவாதவூர் போய்ச் சேருங்கள். வழியில் பெரிய உணவகம் கிடையாது. கட்டுச்சோறு கட்டிக்கொள்ளுங்கள். திரும்ப பஸ் இருக்கிறது.

பள்ளிப் பிள்ளைகள் ஐம்பது பேரை அழைத்து வரலாமா, ஐயா?

அழைத்து வாருங்கள். ஆனால் ஐம்பது பேரும் ஒரே குகைக்குள் போகக் கூடாது. கீழக்குயில்குடியில் என்றால் மூன்று குழுவாகப் பிரித்து, ஒன்று பேச்சிப்பள்ளத்தில், ஒன்று செட்டிப்புடவில், ஒன்று குளக்கரையில் என்று மாற்றி மாற்றி அனுப்புங்கள். முதல் நாளே ஊராட்சித் தலைவரிடமோ கோயில் பூசாரியிடமோ சொல்லிவிடுங்கள். பஸ்ஸை ஊர்ப் பொதுத்திடலான மந்தையில் நிறுத்துங்கள். கண்மாய் மடை எப்படித் திறக்கிறது என்று பிள்ளைகளுக்குக் காட்ட ஊரில் நீர்ப்பாய்ச்சி ஒருவர் இருந்தால் அவரைப் பேசச் சொல்லுங்கள். பாடப்புத்தகத்தில் இல்லாதவற்றை அரைமணி நேரத்தில் சொல்லிவிடுவார். அவருக்குச் சன்மானமும், மதியச் சாப்பாட்டில் ஒரு இலையும் ஒதுக்கிவையுங்கள்.